கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

2009 ஜனவரி. அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் வீட்டுத் தோட்டங்களில் நீச்சல் குளம் அமைத்துத் தரும் ஒரு சின்ன நிறுவனம் மூடுவிழாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ரிவர் பூல்ஸ் என்று பெயர். முந்தைய ஆண்டுதான் வீட்டுக்கடன் சந்தை சரிந்து பெரிய பெரிய வங்கிகளே கவிழ்ந்திருந்தன. வீட்டுக்கே கடன் கிடைக்காத நேரத்தில் குளத்துக்கு யார் கடன் கொடுப்பார்கள்? முன்பணம் கட்டியிருந்தவர்களும் வந்து பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். விளம்பரம் செய்து புது ஆட்களைப் பிடிக்கலாம் என்றால், அதற்கும் கையில் காசு இல்லை.

நிறுவனத்தின் கூட்டாளிகளில் ஒருவர் மார்கஸ் ஷெரிடன். எழுத்தாளர் அல்ல, குளம் விற்பவர். 2001-ல் தொழில் தொடங்கியதிலிருந்து ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லியிருந்தார். அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி ஒரு பட்டியல் போட்டார். வேலை முடிந்து வந்ததும் இரவில் வீட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு கேள்விக்கு ஒரு கட்டுரை என்று பதில் எழுதித் தன் நிறுவனத்தின் இணையதளத்தில் போட ஆரம்பித்தார்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கட்டுரையின் கேள்வி மிக எளிமையானது: ஃபைபர் கிளாஸ் குளம் அமைக்க எவ்வளவு செலவாகும்? அந்தத் தொழிலில் யாரும் அதை எழுத்தில் சொன்னதில்லை. இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதுதான் எல்லோர் பதிலும். ஷெரிடனும் ஒரே தொகையைச் சொல்லிவிடவில்லை. குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, எதைச் சேர்த்தால் கூடும், எதைத் தவிர்த்தால் குறையும் என்று விளக்கினார். அந்த ஒரு கட்டுரை வழியாக மட்டும் பல மில்லியன் டாலர் வியாபாரம் வந்ததாகப் பின்னாளில் அவர் சொன்னார்.

என்னை அதிகம் பாதித்தது வேறொரு கட்டுரை. தான் விற்கும் குளத்தில் என்னென்ன குறை என்று அவரே எழுதியது அது. ஃபைபர் கிளாஸ் குளம் தொழிற்சாலையில் ஒரே தொட்டியாக வார்க்கப்பட்டு லாரியில் வருகிறது. சாலையில் கொண்டுவர முடிந்த அளவுக்கு மேல் அகலம் வைக்க முடியாது. அது சுமார் 16 அடி. நினைத்த வடிவத்திலும் செய்ய முடியாது. அதைவிடப் பெரியதாகவோ, தனி வடிவத்திலோ வேண்டுமென்றால் கான்கிரீட் குளம்தான் சரி. இதைத் தன் தளத்திலேயே எழுதினார். தன் பகுதியில் குளம் கட்டும் மற்ற நல்ல நிறுவனங்கள் எவை என்று ஒரு பட்டியலும் போட்டார். போட்டியாளர்களின் பெயரைத் தேடி வந்தவர்கள் இவர் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

2013-ல் நியூயார்க் டைம்ஸ் இந்தக் கதையை வெளியிட்டது. விளம்பரச் செலவு ஆண்டுக்கு சுமார் இரண்டரை லட்சம் டாலரிலிருந்து சுமார் 20,000 டாலருக்குக் குறைந்திருந்தது. விற்பனையோ சரிவுக்கு முந்தைய 2007-ன் அளவைத் தாண்டியிருந்தது.

தொழில் செய்பவர் எழுதத் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. முதலில் தலைப்பு தேடாதீர்கள். உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுங்கள்.

இணையத்துக்கு முன்பே

இது கணினி வந்த பிறகு முளைத்த யோசனை என்று நினைக்க வேண்டாம். உழவுக் கருவிகள் செய்யும் ஜான் டியர் நிறுவனம் 1895-லேயே ‘தி ஃபரோ’ என்ற பத்திரிகையைத் தொடங்கியது. ஃபரோ என்றால் உழவுசால். பயிர், மண், மகசூல், பண்ணைக் கணக்கு என்று உழவருக்குத் தேவையானதைப் பேசிய அந்தப் பத்திரிகை 1912 வாக்கில் 40 லட்சம் பேருக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்றும் வருகிறது. அதைப் புரட்டுகிறவருக்கு நிறுவனத்தின் டிராக்டர் எப்போதாவதுதான் கண்ணில் படும்.

1900-ல் பிரான்சில் மூவாயிரம் கார்கள்கூட இல்லாதபோது, டயர் செய்யும் மிச்செலின் சகோதரர்கள் 35,000 வழிகாட்டிப் புத்தகங்களை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். டயரை எப்படி மாற்றுவது, பெட்ரோல் எங்கே கிடைக்கும், இரவு எங்கே தங்கலாம் என்ற தகவல்கள் அதில் இருந்தன. ஊர் சுற்ற ஆசை வந்தால் கார் ஓடும். கார் ஓடினால் டயர் தேயும். உலகத்துச் சமையல்காரர்கள் இன்று தவம் கிடக்கும் மிச்செலின் நட்சத்திரம் அந்த டயர் கடைப் புத்தகத்தில்தான் பிறந்தது.

நம் பக்கத்து பெங்களூருவில் 2010-ல் தொடங்கிய பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, ‘வார்சிட்டி’ என்ற பெயரில் பங்குச் சந்தைப் பாடங்களை இலவசமாக எழுதி வைத்திருக்கிறது. அங்கே கணக்கு இல்லாதவரும் படிக்கலாம்.

இவர்களெல்லாம் பெரிய முதலாளிகள், நமக்கு எதற்கு இந்தக் கதை என்று தோன்றலாம். அதனால் ஒரு சின்னக் கடைக்குப் போவோம்.

செக்குக் கடை வாசலில்

உங்கள் ஊர் மரச்செக்கு எண்ணெய்க் கடை வாசலில் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். காதில் விழுவது ஏறக்குறைய இவையாகத்தான் இருக்கும்.

“அண்ணே, போன தடவை வாங்கின கடலை எண்ணெயில அப்பளம் போட்டா நுரை நுரையாப் பொங்குதே, ஏன்?”

“பாக்கெட் எண்ணெய் இவ்வளவு கம்மியா இருக்கு. உங்ககிட்ட மட்டும் ஏன் இந்த விலை?”

“அடியில கசண்டு நிக்குதே, பழைய எண்ணெயா?”

“தேங்காய் எண்ணெய் உறைஞ்சு போச்சு. உறைஞ்சாதானே ஒரிஜினல்?”

“நல்லெண்ணெயில கருப்பட்டி போடுறீங்களாமே, எதுக்கு?”

கடைக்காரர் இவை அனைத்துக்கும் தினமும் பதில் சொல்கிறார். மாலைக்குள் தொண்டை கட்டிவிடும். ஆனால் அதே கடையின் இணையப் பக்கத்தைத் திறந்தால் என்ன இருக்கிறது? “தரத்துக்கும் நம்பிக்கைக்கும் பெயர் பெற்ற எங்கள் நிறுவனம், வாடிக்கையாளர்களின் திருப்தியையே இலக்காகக் கொண்டு செயல்பட்டு வருகிறது.” இந்த வாக்கியத்தை எடுத்து ஒரு சிமென்ட் கடைக்கும், திருமண மண்டபத்துக்கும், பல் மருத்துவமனைக்கும் ஒட்டினாலும் ஒட்டும். அப்படி எங்கும் ஒட்டுகிற வாக்கியத்தால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

அதே கடைக்காரர் விலைக் கேள்வியை எடுத்துக்கொண்டு, வாயால் சொல்வதை அப்படியே எழுதினால் எப்படி இருக்கும்? எழுதிப் பார்க்கிறேன்:

“ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு எங்கள் செக்கில் இரண்டேகால் கிலோவிலிருந்து இரண்டரை கிலோ வரை நிலக்கடலைப் பருப்பு போகிறது. பருப்பு எந்த ஊருடையது, எவ்வளவு காய்ந்தது என்பதைப் பொறுத்து இது மாறும். இன்றைக்கு மார்க்கெட்டில் பருப்பு என்ன விலை என்று விசாரித்து இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். அதோடு கரண்ட், ஆள் கூலி, வாடகை, பாட்டில். பிண்ணாக்கு விற்ற காசு கொஞ்சம் திரும்பி வரும். பெரிய ஆலைகளில் பிண்ணாக்கில் மிஞ்சும் எண்ணெயையும் ஹெக்ஸேன் என்ற கரைப்பானை வைத்து எடுத்துவிட முடியும். செக்கில் அதற்கு வழியில்லை. மிச்சம் பிண்ணாக்கோடு மாட்டுக்குப் போய்விடும். விலை வித்தியாசத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.”

இதில் அலங்காரம் ஏதும் இல்லை. ஆனால் படித்தவர் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை வைத்து அவர் இந்தக் கடையையும் சோதிக்கலாம், பருப்பு விலையைவிட மலிவாகச் ‘செக்கு எண்ணெய்’ விற்கும் இன்னொரு கடையையும் சோதிக்கலாம். தன்னைச் சோதிக்கும் அளவுகோலை வாடிக்கையாளர் கையிலேயே கொடுக்கிற வியாபாரியை யாருக்குத்தான் பிடிக்காது?

நுரை விஷயமும் அப்படித்தான். செக்கு எண்ணெயில் பிசின் போன்ற பாஸ்போலிப்பிடு பொருள்களும், கொஞ்சம் ஈரமும், பருப்பின் மிக நுண்ணிய துகள்களும் தங்கிவிடும். ரீஃபைண்ட் எண்ணெயில் இவற்றை நீக்கிவிடுகிறார்கள். அதனால்தான் ஒன்று பொங்குகிறது, ஒன்று பொங்குவதில்லை. இதைச் சொல்வதோடு நிறுத்தக் கூடாது. கசண்டு தெளிவதற்குள் அவசரமாகப் பாட்டிலில் அடைத்தாலும் நுரை அதிகமாகும் என்பதையும் எழுத வேண்டும். அது கடைக்காரரின் தவறு. அதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் முந்தைய பாதி நம்பும்படி இருக்கும்.

தேங்காய் எண்ணெய்க் கேள்வியில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் தேங்காய் எண்ணெய் உறையும். மதுரை வெயிலில் ஓடுவதும் ஊட்டிக் குளிரில் கட்டியாவதும் ஒரே எண்ணெய்தான். ஆனால் உறைந்தால் சுத்தம் என்று சத்தியம் செய்ய முடியாது. பனை இனத்துப் பருப்பிலிருந்து எடுக்கும் பாம் கெர்னல் எண்ணெயும் கிட்டத்தட்ட அதே குளிரில் உறையும். வாடிக்கையாளரின் தவறான நம்பிக்கை தனக்குச் சாதகமாக இருந்தும் அதைத் திருத்துகிற கடைக்காரர், அவர் மனத்தில் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்.

ஒரு கடை, ஐந்து கேள்வி, ஐந்து கட்டுரை. வாரத்துக்கு ஒன்று எழுதினால் ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். அதற்குள் வாசலில் இன்னும் பத்துக் கேள்வி சேர்ந்திருக்கும்.

வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறேன். சதுர அடிக்கு எவ்வளவு என்பதுதான் உங்களிடம் வரும் முதல் கேள்வி. களிமண் தரையில் கடைக்காலுக்கு ஏன் செலவு கூடுகிறது, நீங்கள் சொல்லும் தொகையில் காம்பவுண்டு சுவரும் செப்டிக் டேங்க்கும் சேர்த்தியா இல்லையா, எந்த இடத்தில் மிச்சம் பிடித்தால் பின்னால் அழ வேண்டியிருக்கும் என்பதையெல்லாம் எழுதுங்கள். வாழ்நாள் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாரை நம்புவது என்று தெரியாமல் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.

“எனக்கு எழுத வராதுங்க”

நான் பேசிப் பார்த்த தொழில்காரர்களில் பெரும்பாலானவர்களின் முதல் பதில் இதுதான். இதைச் சொல்கிறவர், அடுத்த நிமிடமே மோட்டார் காயில் ஏன் கருகுகிறது என்று இருபது நிமிடம் அழகாக விளக்குவார். வராதது எழுத்து அல்ல. எழுத்து என்றதும் வேறு மாதிரி பேச வேண்டும் என்ற பயம் வந்துவிடுகிறது. ‘வாங்குங்க’ என்று சொல்பவர் ‘கொள்முதல் செய்யுங்கள்’ என்று எழுதுகிறார்.

வாரன் பஃபெட் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். தன் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் அவர் எழுதிய கடிதங்களை முதலீட்டு உலகமே காத்திருந்து படித்தது. அவற்றை எழுதும்போது தன் சகோதரிகள் டோரிஸும் பெர்ட்டியும் எதிரே இருப்பதாக நினைத்துக்கொள்வாராம். இருவரும் புத்திசாலிகள், ஆனால் கணக்கியலோ நிதித் துறையோ அறிந்தவர்கள் அல்லர். அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதினால் போதும் என்பது அவர் கணக்கு. 1989-ஆம் ஆண்டுக்கான கடிதத்தில், 25 ஆண்டுகளில் தான் செய்த தவறுகளைத் தனித் தலைப்புப் போட்டே எழுதினார். பட்டியலின் முதல் தவறு, தன்னுடைய அந்தப் பெர்க்‌ஷயர் நிறுவனத்தை வாங்கியதே.

உங்களுக்கு அந்தச் சகோதரி யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அக்காவாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம், நேற்றுக் கடைக்கு வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போன டீச்சராகவும் இருக்கலாம். அவர் ஒருவருக்காக மட்டும் எழுதுங்கள்.

தட்டச்சு தெரியவில்லை என்பதற்கு இப்போது இடமே இல்லை. 2017-லிருந்து கூகுளின் குரல் தட்டச்சு தமிழிலும் இயங்குகிறது. போனைக் கையில் எடுத்து, கேள்வி கேட்டவர் எதிரே நிற்பதாக நினைத்துப் பேசுங்கள். எழுத்தாக வந்து விழும். தப்பும் தவறுமாகத்தான் விழும், பரவாயில்லை. பிறகு மூன்று வேலை இருக்கிறது. சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை வெட்டுங்கள். எண்களைச் சரிபாருங்கள். கடைப் பையனைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவன் முகம் சுருங்குகிற இடத்தை மாற்றுங்கள்.

ஏஐ எழுதிக் கொடுக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். எழுத்துப்பிழை பார்க்க, ஒழுங்குபடுத்த வைத்துக்கொள்ளலாம். ஆனால் பருப்பு சரியாகக் காயாமல் வந்த அன்றைக்குச் செக்கு எப்படித் திணறியது என்று அதற்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுகிறவர்களுக்கான கையேட்டில், எழுதியவரின் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாக 2022 டிசம்பரில் கூகுள் சேர்த்தது. அந்த அனுபவம் சந்தையில் விலைக்குக் கிடைப்பதில்லை. நீங்கள் பல ஆண்டு உழைத்துச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்.

தொழில் ரகசியம் வெளியே போய்விடாதா என்று அடுத்த பயம். எண்ணெய் கசண்டு தெளிய எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பது எதிர்க்கடைக்காரருக்கும் தெரியும். தெரியாதவர் வாடிக்கையாளர் மட்டும்தான். உண்மையிலேயே ரகசியமானது ஒன்றிரண்டு இருந்தால் அதை விட்டுவிட்டு எழுதுங்கள், மிச்சமே ஏராளம்.

எங்கே வைப்பது, எதை எழுதக் கூடாது

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். முகநூலில் போட்டது அடுத்த வாரம் அடியில் போய்விடும். அங்கெல்லாம் பகிருங்கள், ஆனால் மூலப்பிரதி உங்கள் சொந்த இணையதளத்தில் இருக்கட்டும். இரண்டு வருஷம் கழித்து ஒருவர் “கடலை எண்ணெய் ஏன் பொங்குகிறது” என்று தேடும்போது அங்கிருந்துதான் கிடைக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தளத்தின் பெயரை, அதாவது டொமைனை, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். என் நண்பர் ஒருவர், தளம் அமைத்துக் கொடுத்தவரின் பெயரிலேயே பதிவு செய்யச் சம்மதித்துவிட்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அமைத்தவர் போனை எடுக்கவில்லை, பதிவும் காலாவதியானது. எழுதிய நாற்பது கட்டுரைகளும் போயின. பிரதிகூட எடுத்து வைக்கவில்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: வீட்டுப் பத்திரத்தை யார் பெயரில் எழுதுவீர்களோ, அவர் பெயரில் இதையும் எழுதுங்கள்.

விலையை எழுதினால் தேதியையும் எழுதுங்கள். படம் உங்கள் கடையில் உங்கள் போனில் எடுத்ததாக இருக்கட்டும். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும், இணையத்தில் சுட்ட பளபளப்பான படத்தைவிட அது மேல். காப்புரிமை வம்பும் வராது.

மூலிகை, எண்ணெய், சிறுதானியம், நாட்டு மருந்து விற்கிறவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். சர்க்கரை நோய், புற்றுநோய், ரத்த அழுத்தம் போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டமே தடை செய்கிறது. உணவுப் பொருளுக்கான விளம்பரங்களுக்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல் தனி விதிமுறைகள் வகுத்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் எழுதியதை நம்பி ஒருவர் தன் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்தப் பாவத்தை எந்த விற்பனையாலும் ஈடுகட்ட முடியாது. உங்கள் பொருள் எப்படித் தயாராகிறது, எப்படிச் சமைப்பது, எப்படிக் கெடாமல் வைப்பது என்பதை எழுதுங்கள். நோயை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

பலன் உடனே தெரியாது. நான் பார்த்தவரை, மூன்றாவது அல்லது நான்காவது கட்டுரையோடு நின்றுபோன தளங்கள்தான் அதிகம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைத் தினமும் பார்த்து மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். கடைக்கு வருகிறவர், “நீங்க எழுதியிருந்ததைப் படிச்சேன், அந்த இரண்டரை கிலோ கணக்கு…” என்று ஆரம்பிக்கிறாரா என்று பாருங்கள். தன் தளத்தில் 30 பக்கங்களுக்கு மேல் படித்துவிட்டு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் குளம் வாங்கினார்கள் என்கிறார் ஷெரிடன். அவர்களிடம் அவர் புதிதாகப் பேசி நம்ப வைக்க வேண்டியது ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

இரண்டு ரூல் போட்ட 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, நாளைக் காலை கடை திறந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். வருகிறவர் கேட்கும் கேள்வியை அவர் கேட்ட வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இரவு கடை சாத்தியதும் அதில் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.